பத்துப் பேர் ஏறுகிற ஸ்டேஷன் யாருக்குத் தேவை? எங்களுக்குத் தேவை!

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டுத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

"பத்துப் பேர் ஏறி இறங்குகிற ஸ்டேஷனுக்கு எதற்கு ஒரு மாஸ்டர்? எதற்கு ஒரு கட்டடம்? அங்கே எதற்குக் கோச்சி நிற்க வேண்டும்? மூடிவிட்டு ஒரு ஹோட்டல்காரனுக்குக் கொடுத்தால் அரசாங்கத்துக்காவது நாலு காசு வரும்."

இந்தக் கதையைக் கொஞ்சக் காலமாக எல்லா இடத்திலும் கேட்கிறோம். தேத்தண்ணிக் கடையில் கேட்கிறோம், கலியாண வீட்டில் கேட்கிறோம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்கிறோம். வெளியூர்க்காரர் சொன்னால் பரவாயில்லை, அவருக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். எங்கள் ஊரில் பிறந்து, இதே கோச்சியில் ஏறிப் படித்து, உத்தியோகம் கிடைத்து, இப்போது சொந்த வாகனம் வைத்திருக்கிற நம்மவர்களே சொல்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் எந்த ஸ்டேஷன்களைப் பற்றிக் கதைக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பற்றி அல்ல. அவற்றை மூடச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. நடுவில் இருக்கிற வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல. ஹட்டனுக்குக் கீழே ரொசல்ல, வட்டவளை. நானுஓயாவுக்கு அங்கால் அம்பேவெல, பட்டிப்பொல, ஒஹிய. கடுகதி வண்டியில் போகிறவர் ஜன்னலால் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்து, "சொர்க்கம்" என்று எழுதிப் போடுகிறாரே, அந்த ஸ்டேஷன்கள்.

அந்தப் படங்களை நாங்களும் பார்க்கிறோம். மூடுபனி இருக்கும், பூந்தொட்டி இருக்கும், பின்னால் தேயிலை மலை இருக்கும். ஓரத்தில் ஒரு அம்மா பையோடு நின்றுகொண்டிருப்பார். அந்த அம்மா படத்துக்காக நிற்கவில்லை. கிளினிக் போய்விட்டுத் திரும்பி வருகிறார். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டுமா, இல்லையா? கேள்வி இவ்வளவுதான்.

இந்தப் பாதை யாருக்காக வந்தது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிக்கிறோம், பெரியவர்களுக்கும் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறோம். கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874இல். ஹட்டனுக்கு 1884இல். நானுஓயாவுக்கு 1885இல். பண்டாரவளைக்கு 1894இல். பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. கோப்பித் துரைமார் கேட்ட பாதை இது. பாதை மலைக்கு ஏறி வருவதற்கிடையில் கோப்பி நோய் பிடித்து அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக்காகத் தொடங்கிய கோச்சி தேயிலைப் பெட்டி சுமந்தது. சின்ன ஸ்டேஷன்கள் அந்தந்தத் தோட்டத்துத் தேயிலையை ஏற்றவும், உரத்தையும் அரிசியையும் ஆட்களையும் இறக்கவும் வந்தவை. கிரேட் வெஸ்டர்ன் என்ற பெயரே தோட்டத்தின் பெயர்தான், பின்னால் நிற்கிற மலையின் பெயர்தான்.

தேயிலை இப்போது லொறியில் போகிறது. சரி. அதனால் ஸ்டேஷன் தேவையில்லை என்றால், ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: தேயிலைப் பெட்டிக்கு ஸ்டேஷன் தேவைப்பட்டது, அந்தத் தேயிலையைப் பறித்த மனிதனுக்குத் தேவையில்லை. இதைச் சத்தமாகச் சொல்லத் தயாரா?

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதரைக் கணக்குப் போட்டுப் பிரித்தன. அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் இந்தப் பாதையின் ஸ்டேஷன்களில்தான் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் நின்று ஒப்பாரி வைத்ததைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சமூகத்தை வெளியேற்றும்போது கோச்சி நின்றது. அதே சமூகத்தின் பேரப்பிள்ளை பாடசாலைக்குப் போகும்போது கோச்சி நிற்பது வீண்செலவா?

"பஸ் இருக்கிறதே" என்கிறீர்கள். பஸ் இருக்கிறது. நாங்களும் பஸ்ஸில்தான் அதிகம் போகிறோம். ஆனால் எங்கள் வீதிகளைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

2023 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகளின் பஸ்ஸும் வானும் ஆட்டோவும் மோதி ஏழு உயிர் போனது. 2025 மே 11. கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். யார் குற்றம் என்று இங்கே கதைக்க வரவில்லை. அதற்குப் பொலிஸும் நீதிமன்றமும் இருக்கின்றன. நாங்கள் சொல்வது இதுதான்: ரதல்ல என்ற பெயரைக் கேட்டதும் நாடு முழுவதற்கும் அந்த வீதிதான் ஞாபகம் வருகிறது. அந்தப் பெயரில் ஒரு ரயில் ஸ்டேஷனும் இருக்கிறது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? இப்படிப்பட்ட வீதிகளை வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற இரும்புப் பாதையில் ஆள் ஏறும் இடங்களைக் குறைக்கச் சொல்வது என்ன புத்தி?

கோச்சி பிந்தும். மழை பெய்தால் மண் சரிந்து பாதை மூடப்படும். 44 அடிக்கு ஒரு அடி ஏறுகிற மலைப்பாதை, அது வேகமாக ஓடாது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறோம். பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கோச்சி விடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டும் வேண்டும் என்கிறோம். வீதி மூடினால் பாதை, பாதை மூடினால் வீதி. மலையில் வாழ்கிறவனுக்கு ஒரு வழி போதாது.

ஒரு வழியை மூடிய ஊருக்கு என்ன நடந்தது என்று பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் ஒரு கிளைப்பாதை இருந்தது. உடப்புசல்லாவைப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலம்தான். 1903, 1904 காலத்தில் திறந்தார்கள். லொறியும் பஸ்ஸும் வந்த பிறகு "நட்டம், நட்டம்" என்று சொல்லி 1940களில் மூடினார்கள். தண்டவாளமும் போனது. இன்று நுவரெலியாவுக்கு ரயிலில் போகிறேன் என்று வருகிற வெள்ளைக்காரனும் நானுஓயாவில் இறங்கி வான் பிடிக்கிறான். கந்தப்பளைக்காரருக்கும் இராகலைக்காரருக்கும் வீதியை விட்டால் வேறு வழியில்லை. அன்று மூடியதை எண்பது வருடமாக எந்த அரசாங்கமும் திருப்பித் தரவில்லை. மூடுவது ஒரு கையெழுத்து. திறப்பதற்கு ஒரு தலைமுறையும் போதவில்லை.

வெள்ளைக்காரன் தன் நாட்டிலும் இதைச் செய்து பார்த்தான். 1963இல் பீச்சிங் என்பவர் பிரித்தானிய ரயில்வேக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். 2,363 ஸ்டேஷன்களை மூடலாம் என்றார். காரணம் அதேதான்: ஆள் இல்லை, நட்டம். நிறையவற்றை மூடினார்கள். நட்டம் தீரவில்லை. ஏனென்றால் சின்ன ஸ்டேஷனில் ஏறியவன் பெரிய ஸ்டேஷனுக்கு வந்து ஏறவில்லை, ரயிலையே விட்டுவிட்டான். 1969இல் மூடிய எடின்பரோவின் தெற்குப் பாதையில் ஒரு பகுதியை 2015இல் பெருங்காசு செலவழித்துத் திரும்பப் போட்டார்கள். நமக்கு அப்படித் திரும்பப் போட யார் காசு தருவார்?

இன்னொரு விஷயம். ஸ்டேஷன் என்றால் ஆள் ஏறுகிற இடம் மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். ரம்புக்கனைக்கு மேலே பதுளை வரைக்கும் ஒற்றைப் பாதை. மேலே போகிற வண்டியும் கீழே வருகிற வண்டியும் ஸ்டேஷனில்தான் மாற முடியும். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடுகிற வண்டிக்கு ஒரு பெரிய வளையத்தைக் கொடுத்து, வருகிறவரிடம் ஒன்றை வாங்குவாரே, சுற்றுலாக்காரர்கள் ஆசையாகப் படம் பிடிப்பார்களே, அது விளையாட்டல்ல. அந்த வளையத்தில் இருக்கிற டெப்லட்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை காலி என்பதற்கான அத்தாட்சி. அது கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்க முடியாது. வண்டி மாறுகிற சின்ன ஸ்டேஷன் ஒன்றை மூடினால், ஒரு வண்டி அடுத்த ஸ்டேஷனில் இன்னும் கூடுதல் நேரம் காத்துக் கிடக்க வேண்டும். பத்துப் பேருக்காக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிற ஸ்டேஷன், கொழும்புக்குப் போகிற நூற்றுக்கணக்கானவர்களையும் பாதுகாத்து அனுப்புகிறது.

அடுத்தது "பாரம்பரியம், சுற்றுலா" என்கிறவர்களுக்கு. சுற்றுலாவுக்கு நாங்கள் எதிரியில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் உழைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் நடப்பதைப் பாருங்கள். எல்ல ரயிலின் இணையவழிச் சீட்டுகள் திறந்த வேகத்தில் தீர்ந்துபோய், கள்ள விலைக்கு விற்கப்படுவது பற்றி 2025 ஜனவரியில் பெரிய விசாரணையே நடந்தது. அந்தப் போட்டியில் வட்டகொடையில் ஏறித் தலவாக்கலையில் இறங்குகிறவருக்கு என்ன இடம்? கதவில் தொங்கிப் படம் எடுப்பவர்களை விலக்கிக்கொண்டு, தோளில் புத்தகப் பையோடு ஒரு பிள்ளை ஏற முடியாமல் மேடையில் நின்றுவிட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருமுறை அல்ல.

பாரம்பரியம் என்று கதைக்கிறவர்கள் இந்தியாவைப் பாருங்கள். டார்ஜிலிங் மலை ரயிலை 1999இலும், ஊட்டிக்குப் போகிற நீலகிரி மலை ரயிலை 2005இலும், கல்கா–சிம்லாவை 2008இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்தது. சேர்க்கும்போது அது பெருமையாகச் சொன்ன விஷயங்களில் ஒன்று, இவை இன்றும் முழுமையாக ஓடுகின்றன என்பது. ஆள் ஏறாத ஸ்டேஷனுக்குள் கோப்பிக் கடை போட்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால், அது கோப்பிக் கடைதான்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஜப்பானில் ஒரேயொரு பாடசாலை மாணவிக்காக ஒரு ஸ்டேஷனைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை 2016இலிருந்து சுற்றுகிறது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது எங்களுக்கு அனுப்புகிறார்கள். "பாருங்கள் சேர், அதுதான் நாடு" என்று எழுதி அனுப்புகிறார்கள். அந்தக் கதையில் கொஞ்சம் மிகைப்படுத்தலும் இருக்கிறது. ஹொக்கைடோவில் கியூ-ஷிரதகி என்ற ஸ்டேஷனில் ஒரு மாணவி ஏறியது உண்மை, 2016 மார்ச்சில் அந்த ஸ்டேஷனை மூடியது உண்மை. அவளுக்காக மட்டும்தான் ரயில் ஓடியது என்பது ஊர் சேர்த்த மசாலா. அது இருக்கட்டும். ஜப்பான் பிள்ளைக்குக் கண்ணீர் விட்டு அந்தக் கதையைப் பகிர்கிற அதே கைதான், நம்முடைய ஸ்டேஷனில் நிற்கிற பிள்ளைகளைப் பற்றி "பத்துப் பேருக்கு எதற்கு" என்று எழுதுகிறது. ஜப்பானில் ஒன்று பெரிய எண்ணிக்கை, ரதல்லையில் பத்து சின்ன எண்ணிக்கை. இது என்ன கணக்கு?

நாங்கள் ஆசிரியர்கள். காலையில் வரவு இடாப்பை எடுத்தால் எங்களுக்குக் கோச்சி பிந்தியதா இல்லையா என்று தெரிந்துவிடும். முதலாம் பாடவேளையில் காலியாக இருக்கிற கதிரைகள் யாருடையவை என்று எங்களுக்கு மனப்பாடம். நுவரெலியா மாவட்டத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் படிக்க எல்லாத் தோட்டத்துப் பாடசாலையிலும் வசதி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளை டவுனுக்குத்தான் வர வேண்டும். சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்த ஒரு பிள்ளை. டவுன் பாடசாலையில் இடமும் கிடைத்தது. காலைக் கோச்சி நேரம் சரிவரவில்லை. தினமும் ஆட்டோ பிடித்தால் அம்மாவின் நாள் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு போய்விடும். கடைசியில் பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். கலைப் பிரிவு குறைந்தது என்று சொல்ல வரவில்லை. அவள் அதை விரும்பிச் சேரவில்லை என்றுதான் சொல்கிறோம். ஒரு ரயில் நேர அட்டவணை அவளுக்குப் பாடம் தெரிவு செய்து கொடுத்தது.

எந்த ஸ்டேஷன், எந்தப் பாடசாலை என்று பெயர் போடவில்லை. போட்டால் அங்கே கடமையில் இருக்கிற ஒரு அப்பாவி உத்தியோகத்தர் தலையில்தான் பழி விழும். பூட்டிக் கிடக்கிற மலசலகூடத்துக்கும், ஒழுகுகிற கூரைக்கும், மாலை ஆறு மணிக்குப் பிறகு எரியாத லைட்டுக்கும் அவர் காரணமில்லை. அவரும் அதே மழையில்தான் நிற்கிறார்.

கடைத்தெரு சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. குறிப்பாக நம்முடைய புடவைக் கடை, பலசரக்குக் கடை, இரும்புக் கடை நாநாமாருக்கு. பத்தாம் திகதி சம்பளம் போட்ட பிறகு டவுன் நிறைகிறதே, அந்தச் சனம் எங்கிருந்து வருகிறது? பெருநாளைக்கும் தீபாவளிக்கும் உங்கள் கடை வாசலில் நிற்கிறவர்கள் எந்த மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள்? வந்து போகிற செலவு கூடினால் அந்தக் காசு உங்கள் கல்லாவில் விழாது. "தோட்டத்து ஆட்கள் பிரச்சினை, நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். இது தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பிரிக்கிற விஷயமே இல்லை. மேடையில் நிற்கிறவன் எல்லோரும் அதே கோச்சியைத்தான் பார்த்து நிற்கிறான்.

சரி, என்ன கேட்கிறோம்?

ஒன்று. காலையில் பாடசாலை தொடங்கும் முன்பும், பிற்பகல் விட்ட பின்பும், இரண்டு திசையிலும் ஒவ்வொரு வண்டியாவது எல்லாச் சின்ன ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும். நேர அட்டவணையை மாற்றுவதற்கு முன் அந்தப் பகுதி அதிபர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இரண்டு. சுற்றுலாக்காரர் நிறைந்து வருகிற வண்டிகளில், முன்பதிவு இல்லாத ஒரு பெட்டியைக் குறுந்தூரப் பயணிகளுக்கென்று வருடம் முழுவதும் ஒதுக்க வேண்டும்.

மூன்று. கூரை, லைட், திறந்திருக்கிற மலசலகூடம். ஸ்டேஷனிலிருந்து லயத்துக்குப் போகும் நடைபாதையைப் பிரதேச சபை திருத்தித் தர வேண்டும். பிள்ளைகள் தண்டவாளத்தில் நடப்பது ஆசைக்காக அல்ல, வேறு பாதை இல்லாததால்.

நான்கு. வண்டி பிந்தினால் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க வேண்டும்.

ஐந்து. எந்த ஸ்டேஷனையும் மூடுவதென்றாலும், கட்டடத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதென்றாலும், முதலில் ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

இதில் எது ஆகாயத்திலிருந்து பிடுங்கித் தர வேண்டிய விஷயம்? சொல்லுங்கள்.

நம் பக்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. டிக்கெட் எடுங்கள். ஒரு ஸ்டேஷன் தூரம்தானே என்று டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர், தான் ஏறவே இல்லை என்று தானே எழுதிக் கொடுக்கிறார். "பத்துப் பேர்" என்ற கணக்கு டிக்கெட் புத்தகத்திலிருந்துதான் வருகிறது. பெரிய ஸ்டேஷனில் சீசன் எடுத்து, சின்ன ஸ்டேஷனில் ஏறுகிற பிள்ளைகள் அந்தக் கணக்கில் சரியாக விழுகிறார்களா என்பதும் சந்தேகம்தான்.

அதனால் கணக்கை நாமே எடுக்கப் போகிறோம். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, அடுத்த தவணை தொடங்கியதும் ஒரு கிழமை முழுக்க, காலையும் மாலையும், சின்ன ஸ்டேஷன்களில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நிற்கிறார்கள் என்று எழுதப் போகிறோம். உயர்தரப் பிள்ளைகளுக்கு அது புள்ளிவிபரப் பாடமாகவும் இருக்கும். எழுதியதைப் புகையிரதத் திணைக்களத்துக்கும், எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும், கட்சி பார்க்காமல், அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.

உதவ விரும்புகிறவர்கள் கீழே உங்கள் ஸ்டேஷனின் பெயரையும், உங்களுக்கு எத்தனை மணிக்கு வண்டி தேவை என்பதையும் எழுதுங்கள். "சூப்பர் பதிவு சேர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஸ்டேஷன் பெயர், நேரம். அது போதும்.

மூட வேண்டும் என்கிறவர்களும் வாருங்கள். ஒரு நாள் காலையில் எங்களோடு மேடையில் நின்று எண்ணுங்கள். பத்துத்தான் வந்தால், அந்தப் பத்துப் பேருடைய முகத்தைப் பார்த்து "உனக்குக் கோச்சி தேவையில்லை" என்று நீங்களே சொல்லுங்கள்.